இடது முன்சக்கரம்

சுவர் முழுக்கச் சக்கரங்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் வரிசை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்பு, வெள்ளி, சாம்பல், நடுவில் கண்ணைக் குத்தும் மஞ்சளில் ஒன்று. டயர் போடாத வெறும் சக்கரங்கள், நடுவில் ஓட்டை, சுற்றிலும் கம்பிகள், ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. "என்ன மாடல் பாக்கறீங்க சார்?" என்கிறார் கடைக்காரர் வின்சென்ட். இழுக்காத மாடல் என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன், எனக்கு அது கைவந்த கலை. நான் வெள்ளியங்கிரி, பம்புசெட் வியாபாரி. கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருவது எப்படி என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன், சக்கரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான். நாற்பத்தொன்பது வயதில் ரெண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, அதுவும் இன்னொருத்தர் ஓட்டிக் கழித்ததை வாங்கினவனிடம் போய் மாடல் கேட்கிறார். ரெண்டு இருக்கை எங்களுக்குப் போதும், பின்னால் உட்கார யாரும் பிறக்கவில்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த வண்டியின் தாழ்வு. புரோக்கர் கதவைத் திறந்து உட்காரச் சொன்னபோது தரையையே தொடப்போகிற மாதிரி உள்ளே இறங்கிப் போனேன், உட்கார்ந்ததும் எனக்குள் என்னவோ சமாதானமாயிற்று, இவ்வளவு கீழே உட்கார்ந்திருப்பவன் எங்கேயும் விழ முடியாது என்று. இதைப் பிரபாவிடம் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி, உனக்கும் ஓட்டச் சுலபம் என்று சொன்னேன்.

பிரபா வெளியே இளநீர்க்காரர் பக்கத்தில் நிற்கிறாள், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வண்டியில் வந்தேன், அவள் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்தாள். பெண்டாட்டியை ஆட்டோவில் விட்டுவிட்டு முன்னால் ஸ்போர்ட்ஸ் காரில் போகிறவனைக் கோயம்புத்தூரே பார்த்துச் சிரித்திருக்கும். வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதில் உட்காரவில்லை. "அந்த முன்சக்கரத்த மாத்துங்க, திரும்பறப்ப நா அதுலயே வர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் ஒரு எலுமிச்சம்பழத்தால் வந்தது. வண்டி வாங்கியதும் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் குளக்கரைப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போட்டோம், பிரபா வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம், ஊரில் எல்லாரும் செய்வதுதான். பூசாரி மணியை ஆட்டி "எடுங்க" என்றார், வண்டியை எடுத்தேன். பின்சக்கரத்துப் பழங்கள் ரெண்டும் பச்சக்கென்று நசுங்கின. வலது முன்சக்கரத்துப் பழம் பாதி நசுங்கிப் பிதுங்கிக்கொண்டு நின்றது. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் முழுசாக உருண்டது, ரோட்டின் ஓரத்தைத் தாண்டிக் கரைச் சரிவில் இறங்கி ஆகாயத்தாமரைக்குள் போய் மறைந்தது, விழுந்த சத்தம்கூட வரவில்லை. பூசாரி பார்க்காத மாதிரி தட்டை நீட்டினார். பிரபா பார்த்துவிட்டாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தோம், மற்ற மூன்று சக்கரமும் ஒரே ஜாடை, இது மட்டும் வேறு, கம்பிகள் கொஞ்சம் ஒல்லி, நிறம் ஒரு மாற்றுக் குறைவு. "அந்தச் சக்கரம் பழத்த ஏத்துக்கலீங்க" என்றாள் மெதுவாக, "அது வேற என்னமோ கேக்குது." நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வண்டி இழுக்க ஆரம்பித்தது. அவினாசி ரோட்டில் இழுக்காது. திருச்சி ரோட்டில் இழுக்காது. மேம்பாலத்தில் கொஞ்சம், சொல்லும்படியாக இல்லை. குளக்கரை ரோட்டில், பிள்ளையார் கோயிலுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு வரும், அங்கே கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது, எப்போது இடிந்ததோ, யாரும் கட்டவில்லை, அந்த இடத்தில் இழுக்கும். வெடுக்கென்று இல்லை. வெடுக்கென்று இருந்தால் திட்டிக்கொண்டே திருப்பியிருப்பேன். ரொம்ப மெதுவாக, வீட்டில் யாரோ உள் அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, என்ன என்று கேட்டுக்கொண்டே நாம் எழுந்து போகிற மாதிரி, இடது பக்கமாக நகரும். ஸ்டீரிங் என் உள்ளங்கைக்குள் திரும்புவது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே இருப்பேன். புல் டயரில் உரசுகிற சத்தம் கேட்டதும்தான் உடம்பு விதிர்விதிர்த்துப் பிரேக்கை மிதிப்பேன். போன செவ்வாய்க்கிழமை மிதித்தபோது முன்மூக்கு தண்ணீருக்கு மேலே இருந்தது. நடுக்குளத்தில் ஒரு கம்பத்தின்மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, என்னைப் பார்த்தது, அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பின்னால் எடுக்கக் கை வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயமாகவே இல்லை, அதுதான் பயம். பிரபாவிடம், வண்டி லேசாக இடது பக்கம் இழுக்குது என்று மட்டும் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று கிண்டல் பண்ண ஆரம்பித்தவள் இடது பக்கம் என்பது காதில் ஏறியதும் பாதியில் நிறுத்திவிட்டாள். அன்றைக்கே சக்கரத்தை மாற்றுவது என்று தீர்மானமாகிவிட்டது. மாற்றி முடித்ததும் அதே குளக்கரை வழியாகப் போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்ட வேண்டுமாம், வேண்டுதல். சுற்றுவழியில் போகலாமே என்றேன். "சாமி இருக்கற வழிய உட்டுப்போட்டு சுத்துவழியா?" என்றாள். ஆகவே இன்று மாலை அந்த வளைவில் அவள் என் பக்கத்தில், தண்ணீர் இருக்கும் பக்கத்தில், உட்கார்ந்திருப்பாள். அதற்குள் நான் சரியான சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

"சார், இந்த வண்டி எனக்குத் தெரியுமுங்க" என்கிறார் வின்சென்ட். வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். "பொள்ளாச்சி டாக்டர் வண்டிதானுங்களே இது? அந்த லெப்ட் முன்வீல நாந்தானுங்க மாத்துனேன்." அடிபட்டதா என்கிறேன். எங்கேயோ இடித்திருக்கும், கம்பி வளைந்திருக்கும், மாற்றியிருப்பார்கள், எல்லா வண்டியிலும் நடப்பதுதானே, அப்படிச் சொல்லிவிடு வின்சென்ட். "அடியெல்லாம் இல்லீங்க. இழுக்குதுன்னு வந்தாரு. இடது பக்கமா இழுக்குது வின்சென்ட், எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுன்னாரு. கழட்டி மிஷின்ல போட்டுப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ரோட்டுல எடுத்துட்டுப் போயி ஸ்டீரிங்குல இருந்து கைய எடுத்துப் பாத்தேன், நூல் புடிச்ச மாதிரி போச்சு. டாக்டர், வண்டியில ஒண்ணும் இல்லீங்கன்னேன். உனக்குத் தெரியாது, எங்க ஊரு வாய்க்கா மேட்டுல மட்டும் இழுக்குதுன்னாரு. அதே மாதிரி வீலு அப்ப வரல, இருக்கறதுல ஒண்ணப் போட்டு உடுன்னாரு, போட்டு உட்டேன்." வாய்க்கால் மேடு. பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்கால் ரோடுகளை நான் பார்த்திருக்கிறேன், எத்தனை தோட்டத்துக்குப் பம்பு இறக்கியிருக்கிறேன், தண்ணீர் விட்ட நாளில் ரோட்டை ஒட்டிக்கொண்டு நிறைந்து போகும், மேலே பார்த்தால் அசையாத மாதிரி இருக்கும், ஒரு தேங்காய் மட்டை விழுந்தால் அது போகிற வேகத்தில்தான் வாய்க்காலின் வேகம் தெரியும். அப்படியானால் எனக்கு முன்னாலேயே இந்த வண்டி இப்படித்தான். என் வண்டி, என் குளம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வண்டிக்குள் ஏதோ இருக்கிறது. இருக்கட்டும். அது வண்டிக்குள்தானே இருக்கிறது.

அந்தப் பழைய சக்கரம் இங்கேயேதான் கிடக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் சுவரோரம் படுக்கப் போட்டு, அதன்மேல் தண்ணீர் கேனை வைத்திருக்கிறார் வின்சென்ட். கேனைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அதைத் துடைத்து என் முன்னால் நிறுத்துகிறார். நடுவட்டத்தில் கேனின் அடி பதிந்த ஈரம். "உங்க வண்டிப் பொருளுங்க, மத்த மூணுக்கும் ஜோடி. இதையே போட்டுட்டா செலவும் இல்ல, பாக்கறதுக்கும் அம்சமா இருக்கும்" என்கிறார். தொட்டுப் பார்க்கிறேன், ஜில்லென்று இருக்கிறது. இதிலும் இழுத்தது, இதைக் கழற்றிப் போட்ட பிறகும் இழுக்கிறது. அந்த டாக்டர் இப்போது எங்கே என்று கேட்க வேண்டும், கேட்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "நல்லா இருக்காருங்க" என்கிறார், எனக்கு மூச்சு வருகிறது. "வீலு மாத்திக் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் வந்தாரு, வண்டி இல்லாம, பஸ்ல. நீங்க உக்காந்திருக்கற அதே சேர்லதான் உக்காந்தாரு. அந்தப் பழைய வீல ஒருக்கா மிஷின்ல போட்டுக் காட்டுன்னாரு. அது சுத்தறதயே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், வண்டிய வித்துட்டேன் வின்சென்ட்ன்னாரு. ஏனுங் டாக்டர், அத்தன ஆசையா வாங்குனீங்க, இனிமே பஸ்லயா போவீங்கன்னேன். பஸ்ல ஸ்டீரிங் என் கையில இல்லல்ல, நிம்மதியா தூங்கிட்டு வர்றேன்னாரு." வின்சென்ட் சிரிக்கிறார். "தமாசான மனுசருங்க." நாற்காலியின் கைப்பிடி பிளாஸ்டிக், வலது பக்கம் நகத்தால் சுரண்டின மாதிரி கோடு கோடாக இருக்கிறது, இவ்வளவு நேரமும் என் கட்டைவிரல் அதே கோட்டில்தான் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. எழுந்து நின்றுகொண்டேன்.

ஆட்கள் வண்டியைத் தூக்கி இடது முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, சுற்றிலும் எடை ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் மிஷினில் மாட்டுகிறார்கள். சுற்ற விடுகிறார்கள். கம்பிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து வெறும் சாம்பல் வட்டமாகிறது, நடுவில் ஒரு இருட்டு. சின்னத் திரையில் பூஜ்யம் வருகிறது. பக்கத்திலேயே இன்னொரு பூஜ்யம். "பாருங்க, ஒரு கிராம்கூட ஏறுக்குமாறு இல்ல" என்கிறார் வின்சென்ட். டாக்டரின் பழையதையும் போடச் சொல்கிறேன். அதுவும் பூஜ்யம். திரும்பச் சக்கரத்தை மாட்டி, நாலும் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கிறார்கள், ஏதோ கோடுகள், ஏதோ பச்சை விளக்குகள், எல்லாம் சரி. வின்சென்ட்டே வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருகிறார், கதவைத் திறந்து இறங்கும்போதே கையை விரிக்கிறார். "வண்டியில ஒண்ணும் இல்லீங்க சார். நான் பொய் சொல்லி வியாபாரம் பண்றதில்ல. வீலு மாத்த வேண்டியதே இல்ல." நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என் கழுத்தை நெரிக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கோ ஒரு பேய் கிடைத்தால் தேவலை என்று இருக்கிறது. பேயென்றால் கழற்றிப் போடலாம், மந்திரிக்கலாம், யார் தலையிலாவது கட்டலாம், டாக்டர் என் தலையில் கட்டின மாதிரி. ஒவ்வொரு பூஜ்யமாக வர வர அந்தப் பேய் சக்கரத்திலிருந்து இறங்கி, வண்டியிலிருந்து இறங்கி, கடைக்குள் நடந்து வந்து எங்கே நிற்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மாத்தித்தான் ஆகணுமுங்களா?" என்று கேட்கிறார் வின்சென்ட். மாற்றாவிட்டால் பிரபா உட்காரமாட்டாள், மாற்றினால் உட்காருவாள், எது நல்லது என்று இந்த ஆளிடமா கேட்க முடியும். நாலையும் மாற்றிவிடுங்கள் என்கிறேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏணியில் ஏறி ஒன்றை இறக்கி மேசைமேல் மல்லாக்க வைக்கிறார். "இப்ப எல்லாரும் கேக்கறது இதுதானுங்க, நல்லா உள்வாங்குன மாடல். குனிஞ்சு பாருங்க, எத்தன ஆழம்!" கறுப்பு நிறம், விளிம்பு மட்டும் பளபளப்பு, கம்பிகள் எல்லாம் சரிந்து சரிந்து உள்ளே இறங்குகின்றன. நான் குனியவில்லை. அன்னூரில் ஒரு தோட்டத்தில் இதே மாதிரிதான் ஒருத்தர் "எட்டிப் பாருங்க, தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு" என்று ஆசையாகக் கூப்பிட்டார். எத்தனையோ தோட்டங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். கிணற்றை எட்டிப் பார்க்காத பம்புசெட் வியாபாரி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான், தலைசுத்தல் என்று சொல்லிவைத்திருக்கிறேன், எல்லாரும் பாவம் என்கிறார்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் வண்டி வரும்போது தூணைக் கட்டிக்கொண்டு நிற்பேன், பிரபா அது ரயில்மேல் பயம் என்று நினைக்கிறாள். மருதமலையில் விளிம்புப் பக்கம் அவளை விட்டுவிட்டு நான் உள்பக்கமாகவே ஏறுவேன். பயம்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற பயம் இல்லை. விழுந்துவிடுவேனோ என்று எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. குதித்துவிடுவேனோ என்றுதான் பயம். எனக்கு ஒரு குறையும் இல்லை, வியாபாரம் ஓடுகிறது, பெண்டாட்டிமேல் உயிரையே வைத்திருக்கிறேன், சாக வேண்டும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை, இருந்தும் பள்ளத்தைப் பார்த்தால் உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு, வாயேன் என்று. சிறு வயதிலிருந்து இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை, எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்கவும் வெட்கம். அதனால்தானே தரையோடு தரையாகக் கிடக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கினேன். அது சக்கரம் வைத்துக்கொண்டு என்னைத் தண்ணீருக்கே கூட்டிக்கொண்டு போகிறது. "குழி இல்லாத மாடல் இருக்குதுங்களா?" என்று கேட்கிறேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கிறது. "தட்டையா, சப்பாத்திக் கல்லு மாதிரி." வின்சென்ட் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூலையிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தார்.

பிரபா உள்ளே வந்தாள். இளநீர் குடித்த உதட்டைத் துடைத்துக்கொண்டே வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏனுங்க, ஸ்போர்ட்ஸ் காருக்குப் போயி இட்லித் தட்டு மாதிரி ஒண்ண எடுத்திருக்கறீங்க" என்றாள். "அந்தக் கருப்பு எத்தன லட்சணமா இருக்குது." வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அது ஆகாது என்றேன், ஏதோ அளவு, ஏதோ கணக்கு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வின்சென்ட் மறுத்துப் பேச வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கறுப்பை ஓரம் நகர்த்தினார். "பழைய வீலுல என்னங்க கோளாறு இருந்துச்சு?" என்று அவரிடம் கேட்டாள் பிரபா. அவர் பொய் சொல்லி வியாபாரம் பண்றதில்லை. "சார்கிட்ட எல்லாம் காட்டிட்டனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத் கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடித்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. "நாந்தான் அன்னிக்கே சொன்னனே" என்று என் தோளில் தட்டினாள், எத்தனையோ நாளுக்கப்புறம் அந்தச் சிரிப்பு, கொஞ்சம் அதட்டல் கலந்த சிரிப்பு. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். வெளியே நாலு வெள்ளிச் சக்கரங்களைப் பூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கழற்றிய நாலையும் டாக்டரின் அந்தப் பழைய சக்கரத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். இனிமேல் யாராவது இழுக்குது என்று வந்தால், முன்னால் ஒரு பம்புசெட்காரர் வந்தாருங்க என்று வின்சென்ட் ஆரம்பிப்பார். தமாசான மனுசருங்க.

வின்சென்ட் மேசை இழுப்பறையைத் திறந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். "நான் கர்த்தரக் கும்புடறவனுங்க, ஆனா எலுமிச்சம்பழம் இல்லாம இந்தக் கடைய நடத்த முடியாது." பிரபா தானே குனிந்து நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தாள், பொட்டு வைத்தாள், இடது முன்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக வைத்தாள். சாவிக்குக் கை நீட்டினேன். "இந்தத் தடவ நா எடுக்கறேன்" என்றாள், "போன தடவ நீங்க எடுத்துத்தான் பழம் ஓடிப்போச்சு." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். வின்சென்ட் முன்னால் நின்று கையைக் காட்டி, எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். "அக்கா, ஸ்டீரிங்க நேரா வெச்சுக்கிட்டு எடுங்க. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒடிச்சீங்கன்னா முன்னாடிப் பழம் ரெண்டும் சரியா நசுங்காது, நழுவிப் போயிரும்." நழுவிப் போயிரும். வலது பழம் பாதி நசுங்கியது. இடது பழம் முழுசாகப் போனது. பூசாரி மணியாட்டுகிறார், எடுங்க என்கிறார், மாலையின் சம்பங்கி வாசம், முன்னால் நேரான ரோடு, இடது பக்கம் தண்ணீரில் வெயில், நான் எடுக்கிறேன், என் கைகள், அப்போதே, முதல் அடியிலேயே, இழுக்கவே ஆரம்பிக்காத அந்த வண்டியை இடது பக்கம் ஒடித்தனவா? எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. பச் பச் பச்சென்று நாலு பழமும் நசுங்கின. வின்சென்ட் கை தட்டினார். பிரபா கண்ணாடியை இறக்கி, "வாங்க, ஏறுங்க, நானே ஓட்டறேன், சூப்பரா இருக்குது" என்றாள். எலுமிச்சையின் புளிப்பு வாசம் தெருவெல்லாம் வீசிற்று.

இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவளுக்குப் பதிலாக நான் தண்ணீர்ப் பக்கம். அது நியாயமாகத்தான் பட்டது. அவள் ரசித்து ஓட்டினாள், மணிக்கூண்டுப் பக்கம் ஒரு காலேஜ் கூட்டம் விசிலடித்ததற்கு முகம் சிவந்து, "நம்ம வயசுக்கு இது தேவைங்களா" என்று என்னையே கேட்டாள். அவள் மடியில் கற்பூரப் பொட்டலம். குளம் வந்தது. வெயில் தாழ்ந்து தண்ணீர் ஒரு அசைவில்லாமல் கிடந்தது, ஆகாயத்தாமரையின் நடுவே அங்கங்கே கறுப்பாகத் திறந்திருந்தது. கைப்பிடிச் சுவர் ஓடிக்கொண்டே வந்தது, ஓடிக்கொண்டே வந்தது, முடிந்தது. வளைவு. வண்டி நூல் பிடித்த மாதிரி வளைந்தது. "பாத்தீங்களா!" என்றாள் பிரபா, "துளிகூட இழுக்கலீங்க! வீலுதான் சரியில்லாம இருந்திருக்குது. இனி நீங்க தைரியமா ஓட்டலாம், நாளைக்கு நீங்களே எடுங்க." நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்தின்மேல் நீர்க்காகம் இல்லை. என் இடது கையில் ஏதோ ஜில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். கை கதவுப் பிடியின்மேல் இருந்தது, விரல்கள் நாலும் உள்ளே நுழைந்து மடங்கியிருந்தன, எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை, எடு என்றேன், எடுக்கவில்லை. "பிரபா" என்றேன். "ம்?" என்றாள். "வீல் இல்ல பிரபா. வீல்ல ஒண்ணுமே இல்லியாம். எனக்குப் பயமா இருக்குது." விளையாடாதீங்க என்று சொல்லத் திரும்பியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ரயில்வே தூணையும் மருதமலைப் படியையும் எட்டிப் பார்க்காத கிணறுகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினாள், ரெண்டு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. அப்புறம் குறுக்கே கையை நீட்டி, பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டோடு பற்றித் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். வளையல் அழுந்தியது, வலித்தது. கற்பூரப் பொட்டலம் அவள் காலடியில் விழுந்து உருண்டது. பிள்ளையார் கோயில் வந்தது, பூசாரி வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினார், அவள் நிறுத்தவில்லை. வீடு வரும்வரை ஒற்றைக் கையால்தான் ஓட்டினாள்.